கரடிக்கு அரித்தது

கரடி வேஷத்துக்குள் நிற்கும் மனிதருக்கு முழங்கை மடிப்பில் அரித்தால் என்ன செய்வார் என்று யாராவது யோசித்ததுண்டா? யோசித்திருக்க மாட்டார்கள். கரடியைக் கண்டால் கை தட்டத் தோன்றும், கட்டிக்கொண்டு படம் எடுக்கத் தோன்றும். உள்ளே ஒருத்தர் வியர்த்து விறுவிறுத்து, மூக்கு நுனியில் தொங்கும் ஒரு சொட்டைத் துடைக்க வழியில்லாமல் நிற்கிறார் என்று யாருக்கும் தோன்றாது.

நம் கரடிக்காரருக்கு வேலை ஒரு பெரிய கடை வளாகத்தின் மேல்மாடியில், சிறுவர் விளையாட்டுக் கூடத்தில். வண்ணப் பந்துகள் நிரம்பிய தொட்டி, வளைந்து இறங்கும் சறுக்கு, குதித்தால் தூக்கிப் போடும் விரிப்பு, பிறந்தநாள் கொண்டாட ஒரு தனி மூலை, இத்தனைக்கும் நடுவே பழுப்புக் கரடி. வருகிற பிள்ளைகளோடு கை குலுக்குவது, கேக் வெட்டும்போது பின்னால் நின்று தலையாட்டுவது, பயந்து அழுகிற குழந்தையிடமிருந்து நாசூக்காக விலகிப்போவது, இதுதான் உத்தியோகம். இதற்கு முன் லிஃப்டில் பட்டன் அமுக்கும் வேலை பார்த்தார். ஜனங்கள் தாங்களே பட்டன் அமுக்கக் கற்றுக்கொண்டார்கள், அந்த வேலை போயிற்று. அதற்கும் முன் ஒரு செருப்புக் கடையில் இருந்தார், கடையே போயிற்று. கரடி வேலைதான் நிலைத்தது. அது அவருக்குப் பிடித்தும் போயிற்று. பிள்ளைகள் ஓடிவந்து பஞ்சு வயிற்றில் முகம் புதைத்தால், உள்ளே இருக்கும் நிஜ வயிறு சந்தோஷத்தில் குலுங்கும்.

மனைவி தையற்காரி. ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்தார் துணிகளைப் பிடித்துக் கொடுப்பதும் பிரித்துக் கொடுப்பதும் அவள் தொழில். கரடித் தோலின் கிழிசலைத் தைப்பது, ஜிப் மாற்றுவது, உள்ளே வெள்ளைத் துணி வைத்துக் கொடுப்பது எல்லாம் அவள் கைவேலை. அவள் கண்ணில் மண்ணைத் தூவுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அரிப்பு கரடிக்காரருக்குப் புதிதல்ல. சின்ன வயதிலிருந்தே முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்புறமும் வறண்டு, சிவந்து, நமநமவென்று இருக்கும். வரும், போகும், தூரத்துச் சொந்தம் மாதிரி. கரடிக்குள் புகுந்த பிறகு அந்தச் சொந்தம் பெட்டி படுக்கையோடு வந்து தங்கிவிட்டது.

ஒரு பிறந்தநாள் கூட்டத்தன்று ஏசி மக்கர் பண்ணியது. கரடிக்காரருக்கு முதுகில் ஆரம்பித்தது, முழங்கைக்கு வந்தது, முழங்காலுக்குப் பாய்ந்தது. பல்லைக் கடித்தார். கூரையை வெறித்தார். மானம் பெரிதா முதுகு பெரிதா என்று வந்தபோது முதுகுதான் ஜெயித்தது. நேரே போய் நடுத்தூணில் முதுகைச் சாய்த்து மேலும் கீழும் தேய்த்தார். போதவில்லை. பஞ்சுப் பாதங்களால் முழங்கைகளைப் பரக்பரக்கென்று தேய்த்தார். ஒரு காலால் மற்றக் காலைச் சொறியப் போய், நிலை தடுமாறி, ஒற்றைக் காலில் கூடம் முழுக்கத் தத்தினார்.

அடுத்த கணம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேக் வெட்டிய குழந்தை மெழுகுவர்த்தியை மறந்துவிட்டு “இன்னொரு தடவை! இன்னொரு தடவை!” என்று கத்தியது. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்பதுபோல எப்போதும் உம்மென்று இருக்கும் மேனேஜரின் உதடுகூட ஒரு பக்கமாக அசைந்தது.

“அண்ணே, அந்தச் சொறி டான்ஸை எங்க கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார் மேனேஜர், கரடிக்காரர் வேஷத் தலையைக் கழற்றி வைத்த பிறகு.

“அது தானா வந்தது சார்.”

“தானா வர்றதுதான் கலை. நாளைக்கும் வரணும்.”

நாளைக்கும் வந்தது. வராமல் எங்கே போகும்? லிஃப்ட் வாசலில் ‘சொறியும் கரடியைக் காண வாருங்கள்’ என்று படம் போட்டு ஒட்டினார்கள். கீழ்மாடியில் துணி வாங்க வந்தவர்கள் பிள்ளைகள் இழுத்த இழுப்புக்கு மேலே வந்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் ஆளுக்கு ஆடத் தெரியாது, ஆனால் கூடம் அமைந்துவிட்டது. பெயர் வளர்ந்தது, கூடவே புண்ணும் வளர்ந்தது.

கடைசியில் தையற்காரி தலையணை உறையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். “ஊரெல்லாம் உங்களுக்குக் கைதட்டு, நான் மட்டும் ரத்தக் கறை துவைக்கணுமா? கிளம்புங்க டாக்டர்கிட்ட.”

தோல் டாக்டர் ஓர் அம்மாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அவர் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எக்ஸிமா. ஒட்டிக்கிற வியாதி இல்ல, கரடியைக் கட்டிப்பிடிக்கிற குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை எழுதினார். “இது ஸ்டீராய்டு களிம்பு.”

தையற்காரிக்கு முகம் வெளுத்தது. “டாக்டர், ஸ்டீராய்டுன்னா உடம்பு ஊதிப்போய், குரல் மாறி, என்னென்னவோ ஆகும்னு என் தம்பி சொல்வான். அவன் ஜிம் மாஸ்டர்.”

“தம்பி சொல்றது வேற ஸ்டீராய்டும்மா. குடும்பப் பேரு ஒண்ணு, ஆளு வேற. இது தோலோட வீக்கத்தையும் சிவப்பையும் அடக்குற மருந்து. கண்டபடி போட்டா தோல் மெலிஞ்சு, கோடு கோடா விழும். சொன்னபடி போட்டா நல்லதுதான் செய்யும். பயந்துக்கிட்டு போடாம விடுறதும் தப்பு, பயமே இல்லாம அள்ளி அப்புறதும் தப்பு.”

பிறகு கரடிக்காரரிடம் ஆள்காட்டி விரலை நீட்டச் சொன்னார். நுனியிலிருந்து முதல் ரேகை வரைக்கும் ஒரு கோடாகப் பிதுக்கினால் அதுதான் ஓர் அளவு, இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும் என்றார். தையற்காரி தலையாட்டினாள். விரலால் அளப்பது அவளுக்குத் தெரிந்த பாஷை.

“சிவந்து தடிச்ச இடத்துல மட்டும், மெல்லிசா. முகத்துக்கு இது கிடையாது. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி போடாதீங்க. அந்தக் கரடிக்குள்ள புழுங்கும்ல, மூடி வெச்ச இடத்துல மருந்து அளவுக்கு மேல உள்ள இறங்கிடும். வேலை முடிஞ்சு, குளிச்சு, துடைச்சு, அப்புறம் போடுங்க. இன்னொண்ணு, இந்தப் பெரிய டப்பால இருக்கிறது தோல் காயாம பாத்துக்கிற க்ரீம். இதைத் தாராளமா போடலாம், ஆனா ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா உடனே பூசாதீங்க, நடுவுல கொஞ்ச நேரம் விடுங்க. அரிப்பு நின்னுடுச்சேன்னு நீங்களா நிறுத்தாதீங்க. திரும்ப வாங்க, எப்படிக் குறைக்கிறதுன்னு நான் சொல்றேன்.”

மருந்துக் கடைக்காரர் டியூபின் மேல் ஒரு சின்னச் சீட்டு ஒட்டிக் கொடுத்தார். ‘ஒருவேளை தடவவும்’ என்று அதில் அச்சாகியிருந்தது. ஒரு என்பதையும் வேளை என்பதையும் பிரித்து அடித்திருக்க வேண்டும். மிஷின் இடைவெளியை விழுங்கிவிட்டது.

மருந்து கைமேல் பலன் கொடுத்தது. சிவப்பு மங்கியது, தடிப்பு வடிந்தது, இரவில் கரடிக்காரர் குறட்டை விட ஆரம்பித்தார். அந்தக் குறட்டையைக் கேட்டுத் தையற்காரிக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

வினை வந்தது விளையாட்டுக் கூடத்தில். அரிப்பு போனதும் ஆட்டமும் போயிற்று. தூணில் சாய்ந்தார், முதுகு சும்மா இருந்தது. எந்தக் காலால் எந்தக் காலைச் சொறிந்தோம் என்று யோசித்தார், யோசித்ததால் இரண்டு காலும் தரையிலேயே நின்றன. பாவம், நடிப்பு அவருக்கு வராது. பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிறுத்தியபோதே சரியாக நிற்கவில்லை என்று திட்டு வாங்கியவர். பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராகப் பந்துத் தொட்டிக்குப் போய்விட்டார்கள்.

மேனேஜர் அவரைத் தனியே கூப்பிட்டார். “அண்ணே, ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. மூணு வாரம் கழிச்சு, சனிக்கிழமை முதலாளி வர்றார். தலையாட்டுற டைனோசர் மிஷின் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கார். அதுக்கு டீ வேண்டாம், லீவு வேண்டாம். சொறி டான்ஸ் பத்திக் கேள்விப்பட்டிருக்கார். அதைப் பார்த்துட்டு, கரடியா மிஷினான்னு முடிவு பண்றாராம்.”

“நீங்க என்ன சார் நினைக்கிறீங்க?”

“எனக்குக் கரடிதான் வேணும். ஆனா, பழைய கரடி.”

அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது கரடிக்காரருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. லிஃப்ட் வேலை போனபோதுகூட இவ்வளவு பயமில்லை. இந்த வயதில் இன்னொரு வேலையை எங்கே போய்த் தேடுவது? தேடினாலும், பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் வேலையை யார் கொடுப்பார்கள்? தெரு முனைக்கு வருவதற்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டார். மருந்தை நிறுத்தினால் அரிப்பு வரும், அரிப்பு வந்தால் ஆட்டம் வரும், ஆட்டம் வந்தால் வேலை நிற்கும். எந்த டாக்டரும் எந்த நோயாளியிடமும் கேட்டிராத கணக்கு. போட்டவருக்கு அது சரியாகவே பட்டது.

அன்றிலிருந்து குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வெளியே வந்தார். டியூபைத் திறக்கவே இல்லை. பெரிய டப்பாவையும் தொடவில்லை. அரிப்பு வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. கூடத்தில் தூண் மறுபடி ஆடியது, பிள்ளைகள் மறுபடி கத்தினார்கள், மேனேஜர் தூரத்திலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். கரடிக்காரர் கரடித் தலைக்குள்ளே கண்ணில் நீர் முட்டச் சொறிந்தார். சொறிகிற நேரம் சொர்க்கமாக இருந்தது, மீதி நேரம் தீயாக எரிந்தது.

ஜிப் மாட்டிக்கொண்டது என்று கரடித் தோல் வீட்டுக்கு வந்தது. தையற்காரி அதை உட்புறம் வெளியே வரும்படி திருப்பினாள். தான் வைத்துத் தைத்த வெள்ளைத் துணியில், இரண்டு முழங்கை இடத்திலும், புள்ளி புள்ளியாக ரத்தம்.

“என்னங்க இது?”

“எது?”

“இந்த ரத்தம்.”

“கொசு கடிச்சிருக்கும்.”

“கரடிக்குள்ள போய்க் கடிச்சுதா? யார்கிட்ட கரடி விடுறீங்க? கையை நீட்டுங்க.”

நீட்டினார். அவள் பார்த்தாள். அவளுக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேச முடிந்தது. “டியூப் கரைஞ்சுக்கிட்டே வருது, ஒழுங்கா போடுறீங்கன்னு நானும் நம்பிக்கிட்டு இருக்கேன்!”

“சீட்டுல என்ன போட்டிருக்குன்னு நீயே பாரு” என்று கரடிக்காரர் டியூபைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, கடைசி ஆயுதத்தை எடுத்தார். “ஒருவேளை தடவவும். தடவினாலும் தடவலாம், தடவாட்டியும் பரவாயில்லன்னுதானே அர்த்தம்?”

“ஓஹோ. அப்படியா சங்கதி?” என்றாள் தையற்காரி. “அப்போ இனிமே உங்களுக்கு இந்த வீட்டுல ஒருவேளைதான் சாப்பாடு. சேர்த்து எழுதுற ஒருவேளை.”

அதற்குப் பிறகு உண்மை வெளியே வராமல் இருக்குமா? முதலாளி, மிஷின், சனிக்கிழமை, எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபம் எந்த வழியாகப் போயிற்றோ தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது. “வேலை போனா இன்னொண்ணு தேடலாங்க. இந்த மிஷின் ஓடுற வரைக்கும் நாம பட்டினி கிடக்க மாட்டோம். உங்க தோலை உரிச்சுத்தான் எனக்குச் சோறு போடணுமா?” என்றாள். அவருக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம்போல இருந்தது. ஒளிவதற்கு வசதியான கரடித் தோலோ அவள் மடியில் கிடந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. “ஆமா, நீங்க போடவே இல்லன்னா, டியூப் எப்படிக் கரைஞ்சுது?”

சிவபூஜையில் கரடி நுழைந்தாற்போல என்பார்கள். இங்கே கரடி ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது, நுழைந்தது மச்சான். தையற்காரியின் தம்பி, ஜிம் மாஸ்டர், கதவைத் தாண்டும் தோளும் சட்டைக்குள் அடங்காத புஜமுமாக, ஆனால் அன்று என்னவோ இரண்டு காலையும் அகட்டி அகட்டி நடந்து வந்தான்.

“அக்கா, குளியலறை போயிட்டு வந்துடறேன்” என்றவன், மேஜையில் கிடந்த டியூபைப் பார்த்ததும் நின்றுவிட்டான். “அட, இங்கதான் இருக்கா?”

அக்காவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்னடா, காலை ஏன் அகட்டுறே?” என்றாள் அக்கா.

“தொடை இடுக்குல கொஞ்சம்... படர்தாமரைக்கா. ஜிம்ல வேர்வை பாரு. மாமாவுக்கு இந்த மருந்து நல்லா கேட்டுச்சேன்னு, இங்க வர்றப்பல்லாம் நானும் கொஞ்சம் எடுத்துப் போட்டேன். மொதல்ல நல்லா அடங்குச்சு. இப்ப என்னமோ இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு.”

“ஸ்டீராய்டுன்னா அப்படி ஆகும் இப்படி ஆகும்னு எனக்குப் பாடம் எடுத்தவன் நீதானே?”

“டியூப்புல இங்கிலீஷ்ல பேரு இருந்துச்சுக்கா. ஸ்டீராய்டுன்னு யாரு கண்டா?”

மறுநாள் மூன்று பேரும் டாக்டரம்மாள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கதையை முழுக்கக் கேட்ட டாக்டரம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததில் வந்த நீர்தான். முதலில் ஜிம் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

“தம்பி, உங்க மாமாவுக்கு இருக்கிறது எக்ஸிமா. உங்களுக்கு இருக்கிறது பூஞ்சை. பூஞ்சைக்கு மேல இதைப் போட்டா, அடங்கின மாதிரி நடிச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள குடும்பம் நடத்தும். அதுவும் தொடை இடுக்கு மெல்லிசு தோல், அங்க சீக்கிரம் கெடுதல் பண்ணும். உங்களுக்கு வேற மருந்து எழுதுறேன். சொந்தக்காரங்க எதை வேணும்னாலும் பங்கு போட்டுக்கோங்க, டியூபை மட்டும் பங்கு போடாதீங்க.”

அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்னதாகக் குறுகி உட்கார்ந்ததைக் கரடிக்காரர் அதற்கு முன் பார்த்ததில்லை. மச்சானுக்காகப் பரிதாபப்பட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, டாக்டர் அவர் பக்கம் திரும்பிவிட்டார்.

“நீங்க செஞ்சதைத் திட்டணும்னுதான் இருக்கு. சொறிஞ்சு கிழிச்சு வெச்சிருக்கீங்க. நல்லவேளை, சீழ் வைக்கல. சொன்னபடி மறுபடி ஆரம்பிங்க. பயப்படாதீங்க, சனிக்கிழமைக்குள்ள அரிப்பு நல்லா குறைஞ்சுடும்.”

“அதுதானே டாக்டர் எனக்குப் பயமே!” என்றார் கரடிக்காரர்.

“ஆட்டம் வேணும்னா டான்ஸ் மாஸ்டர்கிட்ட போங்க. என்கிட்ட வந்தா தோல்தான் தேறும்” என்றார் டாக்டரம்மாள். சொல்லிவிட்டு மருந்துச் சீட்டில், ஒரு என்பதற்கும் வேளை என்பதற்கும் நடுவே ஒரு யானை புகுந்து போகிற அளவு இடம் விட்டு எழுதினார்.

அதன் பிறகு தடவுகிற பொறுப்பைத் தையற்காரி எடுத்துக்கொண்டாள். அவர் விரலில் நுனியிலிருந்து ரேகை வரை பிதுக்குவாள், அதைத் தன் விரலுக்கு மாற்றி, ஒரு இழை மிகாமல் புண் இருந்த இடத்தில் மட்டும் பரப்புவாள், போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி தைக்க உட்காருவாள். கரடிக்காரருக்கு அந்தச் சில நிமிஷங்கள் ரொம்பப் பிடித்திருந்தன. சனிக்கிழமை மட்டும் வராமலிருந்தால் அவரைப்போலக் கொடுத்துவைத்தவர் யாருமில்லை.

சனிக்கிழமை வந்தது. முதலாளி கோட்டும் சூட்டுமாக, குட்டையாக, பருமனாக, கையைக் கட்டிக்கொண்டு சறுக்குக்குப் பக்கத்தில் நின்றார். மேனேஜர் அவருக்கு ஒரு அடி பின்னால் நின்றார். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கரடிக்காரர் பாட்டு தொடங்கியதும் தூணுக்குப் போனார். முழங்கை குளிர்ந்து கிடந்தது, முதுகு நிம்மதியாக இருந்தது, மனசு மட்டும் அரித்தது. ஆனால் மனசு அரித்தால் யார் சிரிப்பார்கள்?

முதுகைத் தேய்த்தார். பாதங்களால் கையைத் தேய்த்தார். ஒற்றைக் காலைத் தூக்கினார். எல்லாம் சரியாகவே செய்தார், ஒன்றும் எடுபடவில்லை. நாலைந்து பேர் மரியாதைக்குச் சிரித்தார்கள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது முன்வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி எழுந்தாள். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். “இந்தக் கரடிக்கு நிஜமா அரிக்கல!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “சும்மா கரடி விடுது!”

கூடம் கொல்லென்று சிரித்தது. வேஷம் போட்டிருக்கும்போது கரடி பேசக்கூடாது என்பது தொழில் தர்மம். குழந்தை சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அவர் தூணோடு தூணாக நின்றார். வேலை போயிற்று என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சிறுமி விடவில்லை. வட்டத்துக்குள் வந்து அவர் எதிரில் நின்றாள். “இப்படி இல்ல கரடி. நிஜமா அரிச்சா எப்படின்னு நான் சொல்லித் தரேன் பாரு” என்று சட்டைக் கையை மேலே ஏற்றினாள்.

கரடித் தலையின் வாய் ஓட்டை வழியாக அவர் பார்த்தார். முழங்கை மடிப்பு சிவந்து, தடித்து, வரி வரியாக நகம் பட்ட கோடுகளோடு இருந்தது. அவருடைய கையேதான், அளவில்தான் சிறிது. சிறுமி கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, பரக்பரக்கென்று சொறிய ஆரம்பித்தாள். பிள்ளைகள் ரசித்தார்கள். அவருக்கோ, இத்தனை நாள் இதைக் காட்டித்தானே கைதட்டு வாங்கினோம் என்று வெட்கமாக இருந்தது. முதலாளி மறந்துபோனார், மிஷின் மறந்துபோயிற்று. ஒரே எட்டில் போய், பஞ்சுப் பாதத்துக்குள் அவள் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

சிறுமி கண்ணைத் திறந்தாள். கரடி தலையை இடமும் வலமுமாக ஆட்டியது. அவள் மற்றக் கையைக் கொண்டுவந்தாள், கரடி அதையும் பிடித்தது. அவள் ஒரு கையை உருவினாள், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள், கரடி சுற்றி ஓடிப் போய்ப் பிடித்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“கரடி, இங்க!” என்று ஒரு பையன் தலையைச் சொறிந்தான். கரடி அவனிடம் பாய்ந்தது. “இங்க, இங்க!” என்று இன்னொருத்தி மூக்கைச் சொறிந்தாள். நிமிஷத்தில் கூடத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கை, கால், கழுத்து, காது என்று சொறிய, கரடி இங்கே ஓடியது, அங்கே தாவியது, ஒருத்தனைப் பிடிப்பதற்குள் நாலு பேர் சொறிந்தார்கள். சறுக்கில் வழுக்கிப் பந்துத் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தது. தொட்டி ஓரத்தில் ஒரு குட்டிப் பையன் இதுதான் சமயம் என்று வயிற்றைச் சொறிந்தான். பந்துகளுக்குள்ளிருந்து ஒரு பாதம் மட்டும் எழும்பி அவன் கையைப் பிடித்தது. அலறல் கீழ்மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

முதலாளி கட்டியிருந்த கையைப் பிரித்தார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு வலது கையை மெதுவாக, யாரும் பார்க்காததுபோல, தன் பிடரிக்குக் கொண்டுபோய் லேசாகச் சொறிந்தார்.

“கரடி! அந்த மாமா சொறியறார்!” என்று பிள்ளைகள் கூவினார்கள்.

கரடிக்காரர் திகைத்து நின்றார். முதலாளி கையைப் பிடிப்பதா? பிடிக்காவிட்டால் பிள்ளைகள் விடுவார்களா? ஆனது ஆகட்டும் என்று ஓடினார், பிடித்தார், முகத்துக்கு நேரே தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். முதலாளி கோட்டுப் பொத்தான் தெறிக்கச் சிரித்தார்.

“மிஷின்காரனுக்குப் போனைப் போட்டு வேண்டாம்னு சொல்லிடுப்பா” என்றார் மேனேஜரிடம், மூச்சு வாங்கிக்கொண்டே. “அது தலையைத்தானே ஆட்டும். கையை யார் பிடிப்பா?” மேனேஜர் அன்று பல் தெரியச் சிரித்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

கூட்டம் கலைந்து, பிள்ளைகள் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, ரெட்டைச் சடைச் சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அம்மா கரடியிடம் வந்தாள். “உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. சொறியாதேன்னு நான் கையைப் பிடிச்சா அழுவா. நீங்க பிடிச்சதும் சிரிக்கிறா.” கொஞ்சம் தயங்கினாள். பிறகு, தெரியாத ஆளிடம் சொல்வது சுலபம் என்பதாலோ என்னவோ, சொல்லிவிட்டாள். “டாக்டர் ஒரு களிம்பு கொடுத்தாங்க. ஸ்டீராய்டுன்னு தெரிஞ்சதும் பயந்துபோய் மூடி வெச்சுட்டேன். சின்னப் பொண்ணாச்சே, ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

கரடிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். மேனேஜர் எதிரிலேயே நின்றார். அப்போதுதான் காப்பாற்றிய வேலை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

“அம்மா,” என்றது கரடி. சிறுமி துள்ளிவிட்டாள். “என் வீட்டுலயும் இப்படித்தான் பயந்தாங்க. நானும் பாதியில நிறுத்தி வம்பை விலைக்கு வாங்கினேன். மூடி வெச்ச டியூபால யாருக்கும் பிரயோஜனம் இல்லம்மா. அதுக்காக நீங்களா அள்ளிப் போட்டுடாதீங்க. கொடுத்த டாக்டர்கிட்டயே போய், எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லுங்க. குழந்தைக்கு எவ்வளவு, எங்க, எத்தனை நாள்னு அவங்க சொல்வாங்க.”

பேசிக்கொண்டே ஒரு பாதத்தைக் கழற்றி, பழுப்புக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டார். மேனேஜர் பார்த்தார். பார்த்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த படத்தை ரொம்ப அக்கறையாகப் படிக்கத் தொடங்கினார்.

சிறுமி பயப்படாமல் ஒரு விரலை நீட்டி, அந்த முழங்கை மடிப்பைத் தொட்டுத் தடவினாள். “உனக்கும் என்னை மாதிரியே இருந்துச்சா?”

“இருந்துச்சு. இன்னும் எப்பவாவது எட்டிப் பார்க்கும். வந்தா மருந்து போட்டுப் பாத்துக்கிறோம்.”

“வழவழன்னு இருக்கு” என்றாள். தன் சட்டைக் கையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். “எனக்கும் இப்படி ஆகுமா?”

“ஆகும்மா” என்றார் கரடிக்காரர். அவர் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, கரடித் தலை இருந்தது. அம்மா கைப்பையைத் திறந்து டாக்டரின் போன் நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.